கட்டடம் கேளுங்கள்: இரண்டாவது கயிறு எங்கே?

கேள்வி: எங்களுடையது எட்டு மாடி அடுக்ககம். மேற்குச் சுவரில் நாலைந்து விரிசல். மழை வந்தால் ஐந்தாம் மாடிப் படுக்கையறையில் ஓதம் ஏறுகிறது. ஒருவர் சாரம் கட்டியே ஆக வேண்டும் என்கிறார். இன்னொருவர் கயிற்றில் ஆளை இறக்கிச் சரிசெய்கிறேன், செலவு குறையும் என்கிறார். நம்பலாமா ஐயா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், காட்பாடி

பதில்: செலவு குறையும் என்பது உண்மைதான். சாரம் என்றால் பொருள் வாடகை, கட்டுகிற கூலி, பிரிக்கிற கூலி எல்லாம் சேரும். கீழே வண்டி நிறுத்தும் இடமும் போய்விடும். விரிசலை அடைக்க, குழாய் இணைப்பை மாற்ற, கயிறு போதும். சுவர் முழுக்கக் கொத்திவிட்டு மறுபூச்சு என்றால் சாரமே போடுங்கள். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு மணியாஸ் கட்டை பிடித்து மட்டம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் விலை பேசும் முன் ஒன்று கேட்பேன்: ஆளுக்கு எத்தனை கயிறு? "நல்ல கயிறா ஒண்ணு இருக்கு சார்" என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். முறையான கயிற்று வேலையில் ஆளுக்கு இரண்டு. ஒன்றில் இறங்கி வேலை செய்வார். மற்றொன்று கூடவே தொங்கும். அதில் உள்ள பிடிப்பான் அவரோடு நகர்ந்து, அவர் சட்டென்று விழுந்தால் கவ்விக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி இடத்தில் கட்ட வேண்டும். ஒரே கம்பியில் இரண்டையும் முடிந்தால், கம்பி பிடுங்கிக்கொள்ளும்போது இரண்டும் சேர்ந்தே வரும்.

எங்கே கட்டுகிறார் என்று நீங்களே மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரைச் சுற்றிக் கட்டினால் வேலையை நிறுத்துங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவரை நம்பி ஓர் உயிரா? தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டும் வேண்டாம். கான்கிரீட் தூணோ உத்தரமோ வேண்டும். ஒவ்வொரு பிடிமானமும் சுமார் ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழக்கமான கணக்கு. கயிறு சுவர் விளிம்பில் உரசும் இடத்தில் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்புதான் கயிற்றுக்குக் கத்தி.

அடுத்தது, தொங்குகிறவர் மயங்கினால் யார் இறக்குவது? அசையாமல், உடலில் மாட்டிய பட்டையில் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். தீயணைப்பு வண்டி வரும் என்று காத்திருக்க நேரமிருக்காது. அவரைக் கீழே கொண்டுவரத் தெரிந்த இன்னொருவர் மாடியிலேயே இருக்க வேண்டும். பிரிட்டனில் 1980களின் இறுதியில் தொடங்கிய ஐராட்டா (IRATA) என்ற கயிற்று வேலைச் சங்கம், இந்த வேலை தெரிந்தவர்களுக்கு மூன்று நிலைகளில் சான்று தருகிறது. மூன்றாம் நிலைக்காரர்தான் மேற்பார்வையாளர். அந்தச் சான்று உள்ள ஆட்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மேற்குச் சுவரில் மத்தியானத்துக்கு மேல் ஆளைத் தொங்கவிடுவது பாவம். காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி மழை வரும்; மேகம் திரண்டதும் ஆளை இறக்கிக் கயிற்றை மேலே எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பலகையில் உட்கார்ந்து மாடிச் சுவரில் டைல்ஸ் கழுவும் வேலை செய்கிறார். இடுப்பு பெல்ட் இருக்கிறது, போதும் என்கிறார்.
- ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: போதாதும்மா. விழும்போது இடுப்பு பெல்ட் வயிற்றையும் முதுகெலும்பையும் நெரித்துவிடும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கிற முழு உடல் பட்டை வேண்டும். டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றுகிறாரா? நைலான் கயிறு ஆசிட் பட்டால் வலுவிழக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஆசிட் பட்ட கயிற்றைத் துணி காயப்போடக்கூட வைத்துக்கொள்ளாமல் துண்டு துண்டாக வெட்டிப் போடச் சொல்லுங்கள். முழுசாக இருந்தால் யாராவது மறுபடி எடுத்துத் தொங்குவார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழாம் மாடிப் பால்கனிக்கு அடியில் பெரிய தேன்கூடு. பெயின்ட் அடிக்க வருகிறவர்களே எடுத்துவிடுவார்களா?
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கூடாது. கயிற்றில் தொங்குகிறவரால் ஓட முடியாது. தேன் எடுக்கத் தெரிந்தவரை வைத்துக் கூட்டை முதலில் அகற்றுங்கள். தேனீ முழுக்கப் போன பிறகு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.