முடிவெடுக்கும் விதத்துக்கும் விளையாட்டுப் பண்புக்கும் தொடர்பு உண்டா?

பல்கலைக்கழக அணிகளில் ஆடுபவர்கள் முடிவெடுக்கும் விதத்துக்கும் அவர்களுடைய விளையாட்டுப் பண்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகக் கைப்பந்து அணியில் ஆடியவன் என்ற முறையில், உண்டு என்றே சொல்வேன்.

ஸ்காட், புரூஸ் என்ற ஆய்வாளர்கள் 1995-இல் முடிவெடுக்கும் பாணிகளை ஐந்தாக வகுத்தார்கள்: ஆராய்ந்து முடிவெடுத்தல், உள்ளுணர்வை நம்புதல், பிறரைச் சார்ந்திருத்தல், முடிவைத் தவிர்த்தல், சட்டென்று தீர்மானித்தல். ஆராய்பவரிடம் நேர்மை கூடுதலாக இருக்கும், சட்டென்று தீர்மானிப்பவரிடம் குறைவாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். களத்தில் நான் கண்டவரை, விளையாட்டுப் பண்பைக் கெடுப்பவை மூன்றாவதும் நான்காவதும்தான்.

இரண்டாம் ஆண்டில் ஓர் அரையிறுதியின் கடைசி செட்டில், எதிரணி வீரர் அடித்த பந்து, தடுக்க எழும்பிய என் விரல் நுனியில் உரசி எல்லைக்கு வெளியே விழுந்தது. நடுவர் அந்த உரசலைக் கவனிக்காமல், எதிரணிக்குப் போக வேண்டிய புள்ளியை எங்களுக்குக் கொடுத்தார். எனக்கு உண்மை தெரியும், அடித்தவருக்கும் தெரியும். நான் அணித்தலைவரைப் பார்த்தேன், அவர் பயிற்சியாளரைப் பார்த்தார். நடுவரிடம் பேசும் உரிமை தலைவருக்கு மட்டுமே உண்டு என்ற விதியை மனத்துக்குள் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அடுத்த சர்வீசுக்கு விசில் ஒலித்துவிட்டது. ஏமாற்ற வேண்டும் என்று நான் தீர்மானிக்கவில்லை. எதையுமே தீர்மானிக்காமல் நின்றேன், அதுவே போதுமானதாக இருந்தது. ஆட்டம் முடிந்து கைகுலுக்கியபோது அடித்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோனது இன்றும் உறுத்துகிறது.

விளையாட்டுப் பண்பை அளப்பதற்காக வாலராண்டும் அவருடைய குழுவினரும் 1990-களில் உருவாக்கிய அளவுகோலில், விதிகளையும் நடுவரையும் மதிப்பது ஒரு கூறு, எதிராளியை மதிப்பது இன்னொரு கூறு. அவற்றை ஏன் பிரித்து வைத்தார்கள் என்பது அந்த ஆட்டத்தை நினைக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நடுவரின் தீர்ப்புக்கு நான் பணிந்தேன். எதிரே நின்றவரைக் கைவிட்டேன்.

வேகமும் நிதானமும் இதில் பொருட்டல்ல என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 2008 ஏப்ரலில் அமெரிக்கப் பல்கலைக்கழக சாப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) போட்டியொன்றில், வெஸ்டர்ன் ஒரிகன் அணியின் வீராங்கனை ஒருவர் ஹோம் ரன் அடித்துவிட்டு, முதல் தளத்தருகே முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். எல்லாத் தளங்களையும் தொட்டு முடித்தால்தான் அந்த ஹோம் ரன் கணக்காகும், ஆனால் சக வீராங்கனைகள் அவரைத் தொட்டுத் தூக்கினால் அவுட் என்று சொல்லப்பட்டது. எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லோரி ஹோல்ட்மன், தாங்கள் தூக்கிச் செல்லலாமா என்று நடுவரிடம் அங்கேயே கேட்டு, லிஸ் வாலஸுடன் சேர்ந்து அவரைச் சுமந்து ஒவ்வொரு தளத்திலும் கால் படவைத்தார். அவர்கள் அணி 4–2 என்று தோற்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கதை இதற்கு நேர்மாறான வேகத்தில் நடந்தது. 1940 நவம்பரில் டார்ட்மத்துக்கு எதிரான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், நான்கு முயற்சிகளே அனுமதிக்கப்பட்ட இடத்தில் நடுவரின் தவறால் கிடைத்த ஐந்தாவது முயற்சியில் புள்ளி பெற்று 7–3 என்று வென்றார்கள். பிறகு ஆட்டப் படச்சுருளைப் பார்த்துத் தவறை உறுதிசெய்துகொண்டு, இரண்டு நாள் கழித்து வெற்றியை விட்டுக்கொடுத்தார்கள். முடிவு டார்ட்மத்துக்குச் சாதகமாக 3–0 என்று மாறியது. ஒன்று சில நொடிகளில் பிறந்த முடிவு, மற்றது ஆதாரம் பார்த்து எடுத்த முடிவு. இரண்டிலும், நடுவர் பார்த்துக்கொள்வார் என்று பொறுப்பை அவர் தலையில் யாரும் கட்டவில்லை.

கடைசி ஆண்டில் நான் தலைவரானபோது அணியினருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டேன்: பந்து தன் கையில் பட்டிருந்தால் பட்டவரே கையை உயர்த்திவிட வேண்டும், யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. ஒரு ஆட்டத்தில் 23–24 என்று நாங்கள் பின்தங்கியிருந்தபோது, நடுவர் எங்களுக்குக் கொடுத்த புள்ளிக்கு எதிராக முதலாண்டு மாணவர் ஒருவர் உடனே கையை உயர்த்தினார். அந்த செட் அதோடு முடிந்தது. அடுத்த செட்டிலும் பயிற்சியாளர் அவரை அதே இடத்தில் ஆடவைத்தார்.