தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் சம மதிப்புகளும் தரவரிசையும்: வாசகர் கேள்விகள்

95, 90, 90, 85 என்ற மதிப்பெண்களுக்கு ரேங்க் (RANK) சார்பில் 1, 2, 2, 4 என வருகிறது. 3 ஏன் விடுபட்டது?

85 பெற்றவருக்கு முன்னால் மூவர் இருப்பதால் அவர் நான்காமவர். இடைவெளி கூடாதெனில் டென்ஸ் ரேங்க்கைப் (DENSE_RANK) பயன்படுத்துங்கள்.

வரிகளுக்கு 1, 2, 3 எனத் தொடர் எண் இடும் ரோ நம்பரைக் (ROW_NUMBER) கொண்டு பக்கம் பக்கமாகப் பட்டியலிடுகிறேன். சில பதிவுகள் இரு பக்கங்களிலும் வருகின்றன. சில எதிலுமே வருவதில்லை. தரவுத்தளத்தில் பிழையா?

வினவலை இணைக்காமல் தரவுத்தளத்தின் மீது பழி போடும் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. வரிசை முறையைச் சொல்லும் ஆர்டர் பை (ORDER BY) பகுதியில் தேதியை மட்டும் கொடுத்திருப்பீர்கள் என்றே கருதுகிறேன். ஒரே தேதியில் 40 பதிவுகள் இருந்தால், அவற்றுள் எது முன், எது பின் என்று நீங்கள் சொல்லவே இல்லை. சொல்லாததைத் தரவுத்தளம் தன் வசதிப்படி முடிவு செய்யும், அந்த முடிவு, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் மாறினாலோ, இணையாகச் செயலாக்கம் நடந்தாலோ அடுத்த முறை மாறக்கூடும். சோதனைக் கணினியில் சரியாக வந்தது என்பது சான்றாகாது. சிறிய அட்டவணையில் வரிசை தற்செயலாக நிலைத்திருக்கும். ஆர்டர் பையின் இறுதியில், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயைச் சேருங்கள். அதை எத்தனை முறை எழுதினாலும் விட்டுவிடுகிறார்கள். பரிசோ பணி உயர்வோ இத்தகைய வினவலால் தீர்மானிக்கப்படும்போது, சம தகுதியுடைய ஒருவர் காரணமே இல்லாமல் விலக்கப்படுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முதல் மூன்று இடங்களை மட்டும் எடுக்க, வடிகட்டும் நிபந்தனைக்கான வேர் (WHERE) பகுதியில் ரேங்க்கை எழுதினால் பிழை வருகிறது.

வேர் முடிந்த பிறகே தரவரிசை கணக்கிடப்படுகிறது. எனவே உள்வினவலில் கணக்கிட்டு வெளியே வடிகட்டுங்கள். ஆனால் மூன்று பேர் வேண்டுமா, மூன்று மதிப்பெண் நிலைகள் வேண்டுமா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பின்னதெனில் டென்ஸ் ரேங்க் தேவை. அது 50 பேரைக்கூடத் தரலாம்.

ஒரே தேதியுள்ள வரிகளுக்கெல்லாம் திரள் கூட்டுத்தொகை (வரிக்கு வரி சேர்ந்துகொண்டே போகும் மொத்தம்) ஒன்றாகவே வருகிறதே?

ஆர்டர் பை மட்டும் கொடுத்தால் இயல்பான சட்டகம், அதாவது கூட்டலில் சேரும் வரிகளின் எல்லை, ரேஞ்ச் (RANGE). அது சம மதிப்புள்ள வரிகள் அனைத்தையும் சேர்த்தே கூட்டும். சட்டகத்தை ரோஸ் (ROWS) என வெளிப்படையாக எழுதுங்கள், அத்துடன் இங்கும் பிரைமரி கீயைச் சேருங்கள்.

மதிப்பெண்ணே இல்லாதவர்கள் முதலிடம் பெறுகிறார்கள்.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் ஆகிய தரவுத்தளங்கள் இறங்கு வரிசையில் நல் (NULL) எனப்படும் வெற்று மதிப்புகளை முதலில் வைக்கும், அவை அனைத்தும் ஒரே ரேங்க்கைப் பெறும். ஆர்டர் பையில் நல்ஸ் லாஸ்ட் (NULLS LAST) என்று சேர்த்தால் அவை கடைசிக்குப் போகும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றில் அவை இறங்கு வரிசையின் கடைசியிலேயே வருகின்றன.