சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவைச் சாதி சொல்லித் திட்டி அடித்ததாகப் புகார் கொடுக்கப் போனால், "இது எங்கள் எல்லை இல்லை" என்று சென்னையில் ஒரு காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். அந்தச் சாக்கு செல்லாது. எல்லை எதுவானாலும் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவே சொல்கிறது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான்.

சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு வீடு திரும்பிவிடாதீர்கள். பாதி வழக்குகள் அங்கேயே தூங்கிவிடுகின்றன என்பது என் சந்தேகம். "விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்றால், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை.

அப்படியும் மறுத்தால் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால், அப்புறம் நீதிமன்றம். வக்கீல் செலவா? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம்.