கேம்பர் வானுக்குப் பற்றரியும் சோலாரும்: கேள்வி பதில்

கேம்பர் வான், கரவன், ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் பற்றரி, சோலார் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாக்கிவிட்டேன். முக்கால்வாசிப் பேர் "எத்தனை பனல் போடலாம்?" என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். நான் கணக்கிலும் வயரிலும் இருந்து தொடங்கச் சொல்வேன். பனலைப் பிறகும் கூட்டிக்கொள்ளலாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, டொல்பின் வான். 2022 கரண்ட் கட் காலத்தில் வீட்டுக்கு வாங்கிய 100 அம்பியர் அசிட் பற்றரியை அதில் போட்டிருக்கிறேன். 45 லீற்றர் 12 வோல்ட் பிரிட்ஜ், இரண்டு சின்ன விசிறி, லைட், போன். இரவு இரண்டு மணிக்கு எல்லாம் நின்றுவிடுகிறது. எத்தனை பனல் வேண்டும்?

தம்பி, முதலில் ஒரு கொப்பித்தாளை எடுங்கள். அந்த அளவு பிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் அளவில் இழுக்கும். நம்மூர் வெக்கைக்கு நாளில் பாதி நேரம் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் 50 வாட், 12 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 600 வாட் மணி. 15 வாட் விசிறி இரண்டு, எட்டு மணித்தியாலம் ஓடினால் 240. லைட்டுக்கும் போனுக்கும் 100. மொத்தம் 940.

மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பற்றரிதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதற்கு மட்டும் 650 வாட் மணி தேவை. 100 அம்பியர் என்று நாம் சொல்வது 100 அம்பியர் மணி, 12 வோல்ட்டால் பெருக்கினால் அந்த அசிட் பற்றரியில் இருப்பது 1200 வாட் மணி. அதைப் பாதிக்குக் கீழே இறக்க இறக்க ஆயுள் வேகமாகக் குறையும், ஆகவே 600ஐத்தான் நம்பிச் செலவழிக்கலாம். புதிய பற்றரியாக இருந்தாலே மட்டுமட்டு. உங்களுடையது 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில் தினமும் அடிவரை இறங்கி ஏறியது. இப்போது பாதிக் கொள்ளளவு இருந்தாலே பெரிய விஷயம். பனலைக் கூட்டினாலும் அந்தப் பற்றரியால் பிடித்து வைக்க முடியாது.

லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரிக்கு மாறுங்கள். அதில் 100 அம்பியர் என்றால் 1280 வாட் மணி, அதில் 85 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். எடையும் 30 கிலோவிலிருந்து 12 கிலோ பக்கம் வந்துவிடும். பகல் முழுக்க மழை பெய்தாலும் இன்னொரு இரவு தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் 200 அம்பியராகப் போடுங்கள்.

இனிப் பனல். கொழும்பில் சராசரி நாளின் வெயில், முழு வெயிலாகக் கணக்கிட்டால் நாலரை மணித்தியாலத்துக்குச் சமம். சூடு, தூசி, வயர் என்று கால்வாசி போய்விடும். ஆக 100 வாட் பனல் நாளைக்கு 340 வாட் மணி அளவில் தரும். உங்கள் 940க்கு 280 வாட் வேண்டும், 300 முதல் 350 வரை போட்டால் நிம்மதி. சாய்த்துப் பொருத்தத் தேவையில்லை. நாம் இருப்பது 7 பாகை அகலாங்கில், ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியிலேயே நிற்கும். கூரையில் படுக்கவைத்தபடியே போதும்.

தெமட்டகொடையிலிருந்து ஒரு நானா: பழைய நிசான் லீஃப் காரின் பற்றரி மொடியூல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. டொயோட்டா ஆக்குவாவின் ஹைப்ரிட் பற்றரியும் இருக்கிறது. இவற்றை வானுக்குப் போட்டால் என்ன?

நானா, நம் நாட்டில் லீஃபும் ஆக்குவாவும் நிறைய ஓடுவதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. 24 கிலோவாட் மணி லீஃபில் 48 மொடியூல்கள் உண்டு. ஒன்று முழுதாகச் சார்ஜ் ஏறினால் 8.4 வோல்ட். இரண்டைத் தொடராகக் கட்டினால் 16.8 வோல்ட் வரும். 12 வோல்ட் பிரிட்ஜும், 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டரும் அதைத் தாங்காது, பெரும்பாலானவை அதற்கு முன்னாலேயே நின்றுவிடும், நிற்காதவை கருகும். 16.8க்கு ஏற்றாமல் 14.4 வோல்ட்டோடு நிறுத்தினால் கொள்ளளவில் பெரும்பகுதி வீணாகும். ஏழு மொடியூல் கட்டி 48 வோல்ட் அமைப்பாகச் செய்தால்தான் அது சரியாகப் பொருந்தும். வீட்டுச் சோலாருக்கு அப்படிச் செய்யலாம், 12 வோல்ட் வானுக்கு அது ஒத்துவராது.

வோல்ட் கணக்கைவிட எனக்கு முக்கியமானது வேறு. லீஃபில் இருப்பது மங்கனீசு வகை லித்தியம். இரும்பு பொஸ்பேட்டைவிட அது சீக்கிரம் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பீஎம்எஸ் என்ற மின்சுற்று இல்லாமல், பிள்ளைகள் படுக்கும் கட்டிலுக்குக் கீழே அதை வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஆக்குவாவின் பெட்டி 144 வோல்ட், 6.5 அம்பியர். மொத்தமாகவே 940 வாட் மணிக்கு மேல் இல்லை, புதிதாக இருந்தபோதே அவ்வளவுதான். 144 வோல்ட் நேர்மின்னோட்டம் ஆளைக் கொல்லும். மூடியைக் கழற்றக்கூட வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா: வயரிங் பாஸ் ஒருவர் 2000 வாட் இன்வெர்ட்டர் பொருத்தித் தந்தார். பற்றரி பின்னால், இன்வெர்ட்டர் முன் சீற்றுக்குக் கீழே. கேத்தில் போட்டால் ஒரு பிளாஸ்டிக் வாடை வருகிறது. பயமாக இருக்கிறது.

அக்கா, இதை வாசித்ததும் இன்வெர்ட்டரை நிறுத்திவிடுங்கள். சரி பார்க்கும்வரை கேத்திலைத் தொட வேண்டாம்.

கேத்தில் 2000 வாட் இழுக்கும்போது 12 வோல்ட் பக்கத்தில் 175 அம்பியர் ஓடுகிறது. அதே கேத்திலுக்கு வீட்டுப் பிளக்கில் ஓடுவது 9 அம்பியர்தான். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 25 சதுர மில்லிமீற்றர் வயர், போக 3 மீற்றர், வர 3 மீற்றர். அந்த வயர் மட்டுமே 130 வாட்டைச் சூடாக மாற்றி வீணாக்குகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். பற்றரி முனையில் வயர் நுனியைப் பூட்டும் உலோக வளையமான லக்கைச் சுற்றி வயரின் உறை ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பாகி, பளபளத்து, சற்று உப்பியிருக்கிறது. நடு வயரில் அப்படி இல்லை. அதாவது, வயர் மெல்லியது என்பதோடு அந்த லக்கைச் சரியாக நசுக்கவும் இல்லை. சுத்தியலால் தட்டியோ பிளையரால் பிடித்தோ பூட்டிய லக் இப்படித்தான் ஆகும். லக்கை அழுத்தி நசுக்கும் ஹைட்ரோலிக் கிரிம்ப் கருவி உள்ளவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது: இன்வெர்ட்டரைப் பற்றரிக்குப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மீற்றருக்குள், 70 சதுர மில்லிமீற்றர் நெகிழ் வயர். அப்போது அந்த 130 வாட் வீணடிப்பு 15க்கு இறங்கிவிடும். நீட்ட வேண்டியது 230 வோல்ட் வயரைத்தான், அதில் ஓடும் கரண்ட் சிறியது. வழியில் ஒரு ட்ரிப் சுவிட்சும் இருக்கட்டும்.

பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 250 அம்பியர் பியூஸ் கட்டாயம். படத்தில் பியூஸே இல்லை. லித்தியம் பற்றரி ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும், அதை அறுக்கக்கூடிய டீ வகுப்புப் (Class T) பியூஸாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டு டீபி போர்டில் போடும் பிரேக்கரை இங்கே போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும். பற்றரிக் கரண்ட் அப்படி இறங்காது, பிரேக்கருக்குள்ளேயே பொறி தொடர்ந்து எரியும்.

கேத்திலைக் கைவிடத் தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க 100 வாட் மணிதான் போகும், பற்றரிக்கு அது பெரிய செலவில்லை. 700 வாட் அளவில் சின்னக் கேத்தில் ஒன்று வாங்கினால் தேநீர் சில நிமிடம் பிந்தும், வயர் குளிர்ந்தே இருக்கும்.

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கச்சி: இரவில் ஏசி போட்டுத் தூங்க முடியுமா அண்ணா?

சோலாரை மட்டும் நம்பி என்றால் முடியாது தங்கச்சி. சின்ன இன்வெர்ட்டர் ஏசியே சராசரி 400 வாட் எடுக்கும், எட்டு மணித்தியாலத்துக்கு 3200 வாட் மணி. அதற்கு 300 அம்பியர் லித்தியமும், அதை மறுநாளே நிரப்ப ஆயிரம் வாட் பனலும் வேண்டும். உங்கள் கூரையில் 400 வாட்டுக்கு மேல் இடமில்லை. விசிறியும், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஒரு ஃபேனும் போடுங்கள். ஏசி வேண்டிய இரவில் பிளக் உள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

பத்தரமுல்லையிலிருந்து ஒருவர்: வீட்டுக் கூரைக்குப் போட்டதில் 550 வாட் பனல் ஒன்று மிஞ்சிவிட்டது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 30 அம்பியர் பீடபிள்யூஎம் கன்ட்ரோலர் வாங்கி வந்தேன். மாட்டலாமா?

மாட்ட வேண்டாம். வீட்டுப் பனல் 40 வோல்ட்டுக்கு மேல் 13 அம்பியர் தரும். பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். அதில் பீடபிள்யூஎம் வகை, பனலை அப்படியே பற்றரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 13 வோல்ட், 13 அம்பியர், கைக்கு வருவது 170 வாட்தான். மற்றதெல்லாம் கூரையிலேயே நின்றுவிடும். அதோடு அந்தப் பனல் எதிலும் இணைக்காதபோது 50 வோல்ட் காட்டும், பல மலிவுக் கன்ட்ரோலர்கள் அதற்கே செத்துவிடும். பனலின் கூடுதல் வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும் எம்பீபீடீ வகைக் கன்ட்ரோலராக, 100 வோல்ட் தாங்கி 50 அம்பியர் தருவதாக, மாற்றி வாங்குங்கள்.

அப்புறம் அளவு. ஏறக்குறைய 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம், 28 கிலோ. கூரைக் கரியரில் ஆறு இடமாவது போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அதைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும்.

வத்தளை, மொரட்டுவ நண்பர்கள்: வளையும் பனலை நேரே கூரையில் ஒட்டலாமா? மர நிழலில் நிறுத்தினால் எவ்வளவு குறையும்?

ஒட்டினால் கீழே காற்றுப் போகாது. பனல் தன் சூடு 25 பாகை செல்சியஸைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் 0.35 சதவீதம் அளவில் இழக்கிறது. தகரக் கூரையோடு ஒட்டிக் கிடந்து 75 பாகைக்குப் போனால் 17 சதவீதம் அங்கேயே போய்விடும், பனலும் சீக்கிரம் பழுதாகும். கண்ணாடிப் பனலை இரண்டு அங்குலம் உயர்த்திப் போடுங்கள். பனல் தரும் நிழலால் வானுக்குள்ளும் சூடு குறையும்.

நிழல் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு நிழல் விழுந்தால் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைக்கிறார்கள். செல்கள் தொடராக இருப்பதால் ஒரு தென்னோலை நிழலே பனலில் மூன்றில் ஒன்றையோ பாதியையோ நிறுத்திவிடும். வானை நிழலில் விட்டு, 100 வாட் பனல் ஒன்றைப் பத்து மீற்றர் வயரோடு வெயிலில் விரித்து வைப்பது நல்ல வழி. அறுகம்பை போன்ற கடலோரத்தில் நிறுத்தினால் உப்புப் படலத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தம்பி: ஓடும்போது இஞ்சின் பற்றரியிலிருந்து ஒரு வயர் இழுத்து லித்தியத்தை ஏற்றினால் செலவு மிச்சம்தானே?

இஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரின் செலவு வந்து சேரும் தம்பி. லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடிச் சூடேறும், மலைப்பாதையில் மெதுவாக ஏறும்போது குளிர்விக்கக் காற்றும் போதாது. நடுவே, எடுப்பதை அளவோடு வைக்கும் 30 அம்பியர் டீசி-டீசி சார்ஜர் ஒன்று போடுங்கள். நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும் ஐந்து மணித்தியாலத்தில் அது 150 அம்பியர் மணி ஏற்றிவிடும். அங்கே முகில் மூடிய நாளில் உங்கள் கூரைப் பனல் அதில் கால்வாசியும் தராது. நிறைய ஓடுபவர்கள் இன்னொரு பனலுக்கு முன் இதைத்தான் வாங்க வேண்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் ஐயா: கனடாவில் என் மருமகன் ட்ரெய்லருக்கு லித்தியம் போட்டார். குளிர் தொடங்கியதும் ஏறவே இல்லையாம். நுவரெலியாவிலும் இப்படி வருமா?

ஐயா, பற்றரி கெட்டுப்போகவில்லை. பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும், அதனால் நல்ல பீஎம்எஸ் சார்ஜைத் தடுக்கிறது. உள்ளேயே ஹீட்டர் வைத்த பற்றரி வாங்கலாம், அல்லது பனிக்காலம் முழுக்க அதைக் கழற்றி, பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வைக்கலாம். அங்குள்ள பழைய ட்ரெய்லர்களில், பிளக் கரண்டிலிருந்து பற்றரியை ஏற்றும் கன்வேட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடுவதும் உண்டு. லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை வேண்டும். அதையும் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நுவரெலியாவில் வானுக்குள் இருக்கும் பற்றரிக்கு அந்தப் பயம் தேவையில்லை. நமக்குப் பிரச்சினை வெக்கை. காலிமுகத்திடலில் நடுப்பகலில் கதவைப் பூட்டி நிறுத்திய வானுக்குள் 50 பாகையைத் தாண்டும், சார்ஜை நிறுத்தும் எல்லைக்குப் பல பீஎம்எஸ்கள் அங்கேயே வந்துவிடும். பற்றரியை இஞ்சின் பக்கமோ கண்ணாடிக்கு நேரேயோ வைக்காமல், தரையோடு, காற்றுப் போகும் பெட்டியில் வையுங்கள்.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்: வோல்ட் மீற்றர் 13.2 காட்டுகிறது. எத்தனை சதவீதம்?

அதை வைத்துச் சொல்ல முடியாது. அசிட் பற்றரியில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி என்று பார்த்த பழக்கம் இங்கே உதவாது. லித்தியம் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய அதே 13.2ஐத்தான் காட்டும். பற்றரியின் எதிர் (மைனஸ்) முனையில், கரண்டை அளக்கும் ஷன்ட் பூட்டிய மொனிட்டர் ஒன்று வாங்குங்கள், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அது எண்ணிச் சொல்லும்.

அதே நண்பர்: பழைய அசிட் பற்றரியையும் புதிய லித்தியத்தோடு சேர்த்துவிடலாமா?

வேண்டாம். லித்தியம் தன் சார்ஜைப் பழையதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பழைய பற்றரியை எடைக்கு எடுக்கும் கடையில் கொடுங்கள், ஈயத்துக்குக் காசு தருவார்கள். கொடுக்கும்போது அசிட்டைக் கானில் ஊற்றாமல், மூடி இறுக்கிய பற்றரியை நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள்.