1956-இல் சூயஸ் கால்வாய்க்காகப் போர் தொடுத்த பிரிட்டனும் பிரான்சும் ஏன் பின்வாங்கின?

களத்தில் தோற்றதால் அல்ல, பணத்தால்.

அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன நிதியை அமெரிக்காவும் பிரிட்டனும் நிறுத்தியதும், 1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பங்குதாரர்கள் கையில் இருந்த கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் சொன்னார். அலெக்சாண்டிரியா உரையில் கால்வாயைக் கட்டிய லெசெப்ஸின் பெயரை அவர் உச்சரித்ததுதான் சைகை. அதைக் கேட்டதும் அவருடைய ஆட்கள் நிறுவன அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள்.

எகிப்தியர்களால் கால்வாயை நடத்த முடியாது என்றார்கள் மேற்கத்தியர்கள். செப்டம்பரில் வெளிநாட்டுக் கப்பல் வழிகாட்டிகள் பெரும்பாலோர் விலகியும் போக்குவரத்து நிற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, நாசரின் உண்மையான வெற்றி இதுதான்.

அப்புறம் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றுக்கும் இடையே ரகசிய ஒப்பந்தம். பாரிஸ் அருகே செவ்ரில் பேசி வைத்தபடி அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. சண்டையை விலக்க வந்ததாகச் சொல்லி மற்ற இரு நாடுகளும் குண்டு வீசின. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயையே அடைத்துவிட்டது. ஐரோப்பாவுக்கு எண்ணெய் வரும் முக்கிய வழி போயிற்று. எந்த வழியைக் காக்க வந்தார்களோ, அதுவே மூடிக்கொண்டது.

பவுண்டின் மதிப்பு ஆட்டம் காண, பிரிட்டனுக்கு அவசரக் கடன் தேவைப்பட்டது. படைகள் வெளியேறாமல் உதவி இல்லை என்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் உறுதியாக நின்றார். நவம்பர் 6 நள்ளிரவில் போர் நிறுத்தம். நவம்பரிலேயே ஐ.நா. அமைதிப்படை வந்தது, அதில் இந்திய வீரர்களும் இருந்தார்கள், டிசம்பரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின. கால்வாய் 1957 ஏப்ரலில் திறந்தது, எகிப்தின் கையிலேயே.