14 வயது மகன் சின்ன விசயத்துக்கும் கத்தி, கதவை அடிச்சுச் சாத்துறான். என்ன செய்யலாம்?

பூப்புப் பருவத்தில் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. அதற்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர ஏறத்தாழ 25 வயதாகும். ஆகவே கொதிப்பில் நிற்கும்போது புத்திமதி ஏறாது. அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகும் எதிரே இருத்தி விசாரிக்காதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ரியூஷன் முடிந்து சேர்ந்து நடக்கும்போது, "எல்லாருக்கும் முன்னால சோதனை மார்க்ஸைப் பற்றிக் கதைச்சது வெட்கமாப் போச்சோ?" என்று கேளுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் கிடைத்தால் அதன் வேகம் குறையும். கோபப்படலாம், கதவை அடிக்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பலர் கவனிக்காதது தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். உடற்கடிகாரமோ பிந்துவதால் தூக்கம் தாமதமாகத்தான் வரும், ஸ்கூல் வான் மட்டும் விடிய ஆறுக்கே வந்து ஹோர்ன் அடிக்கும். (இரவு ஃபோன் வேறு.)

இரண்டு கிழமைக்கு மேல் கூட்டாளிகளையும் சாப்பாட்டையும் ஒதுக்கினால் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.