பிரிற்றன் குடித்துக்கொண்டு தோல் சோதனைக்குப் போகலாமா?

களுவாஞ்சிகுடித் தங்கச்சி, அம்மாவுக்கு முன்னம் அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக்கால் தடிப்பு வந்தது, அது ஒவ்வாமையா என்று பார்க்க இந்த வியாழன் மட்டக்களப்பில் தோல் சோதனை, சொறிக்கு இரவில் பிரிற்றன் குடிக்கிறா என்று எழுதியிருந்தீங்க. திகதியை மாற்றிக் கேளுங்க. பிரிற்றனோ செற்றிரிசினோ, ஒவ்வாமையை அடக்கிற எந்த மாத்திரையையும் வழமையாக ஒரு கிழமைக்கு முன்னமே நிறுத்தச் சொல்லுவாங்க. இல்லாட்டி ஒவ்வாமை இருந்தாலும் தோல் காட்டிக் கொடுக்காது.

முன்னங்கையில் மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க உப்புநீர், யாருக்கும் தோலைத் தடிக்க வைக்கிற ஹிஸ்டமின் மூன்றையும் துளித்துளியாக வைத்துக் குத்துவாங்க. 15–20 நிமிடத்தில் ஹிஸ்டமின் இடமே தடிக்காவிட்டால் சோதனை செல்லாது. பிரிற்றன் ஹிஸ்டமினைத் தடுத்து அப்படித் தடிக்க விடாது. மருந்து வைத்த இடம் உப்புநீரை விட 3 மி.மீ. கூடத் தடித்தால் ஒவ்வாமை என்று எடுப்பாங்க. தடிக்காவிட்டால் தோலுக்குள் சிறு ஊசி, பிறகு கண்காணிப்பில் வாய்வழி மருந்து. அந்தக் கடைசிப் படிக்கு முன் வீட்டுக்கு வந்திராதீங்க.

முன்னம் அமொக்சிசிலினால் தடிப்பு வந்தபோது அம்மாவுக்கு வாய் புண்ணாகி, தோல் கொப்பளித்து உரிந்ததா? அப்படியென்றால் முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்க, இந்தச் சோதனையே வேணாம்.